மெத்தையின் ஒரே வெற்றி

ஜெயிக்கிறவனைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. தோற்பதற்கு ஒருத்தன் இல்லாவிட்டால் இந்த மகராசன் யாரைப் போய் ஜெயிப்பான் என்று எவராவது கேட்டதுண்டா? கிடையாது. மெத்தையை யாருக்கும் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். அரை ஆயுளை மல்யுத்த மேடையிலேயே கழித்தவர். சுவரொட்டியில் அவருக்குக் கிடைத்த இடம் எப்போதும் கடைசி வரி, அச்சகத்தின் பெயருக்குக் கொஞ்சம் மேலே. சில சமயம் அச்சகத்தின் பெயர் இவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

மெத்தை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கூட ஆடியவர்கள் வைத்தது. கயிற்றின் மேலிருந்து பாய்ந்து வந்து ஒருவன் விழ வேண்டுமென்றால், அவன் விழுவது இவர் மேல். விழுந்தவனுக்கு ஒரு கீறல் இருக்காது. தலைகீழாகத் தூக்கினாலும் சரி, தோளுக்கு மேல் சுழற்றினாலும் சரி, இவர் கையில் கழுத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்ளலாம். புதிதாக மேடையேறுகிறவர்கள் முதல் ஆட்டத்துக்கு இவரைத்தான் கேட்பார்கள். ஜெயித்துவிட்டு, உள்ளே வந்து இவர் காலைத் தொட்டுக் கும்பிடாத குறையாக நன்றி சொல்வார்கள். கூட்டத்துக்கு அது தெரியாது. கூட்டம் இவரைப் பார்த்து, "எழுந்திருடா சோம்பேறி!" என்று கத்தும்.

எல்லாம் பொய்தானே, முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுவதுதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், பேசி வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். யார் ஜெயிப்பது, எந்தப் பிடியில் முடிப்பது, எல்லாம் மேடைக்குப் பின்னால் முடிவானதுதான். ஆனால் பலகைக்கு அது தெரியாதே! இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, பலகை மேல் விரல் தடிமனுக்கு ஒரு நுரைத் திண்டு, அதற்கு மேல் இழுத்துக் கட்டிய படுதா. மேடை என்பது அவ்வளவுதான். அதில் முதுகைப் போட்டு ஒரே ஒரு தடவை விழுந்து எழுந்துவிட்டு, அப்புறம் வந்து பொய்யா நிஜமா என்று பேசட்டும்.

மெத்தையின் அப்பா அந்தப் பலகையிலேயே வாழ்ந்து கெட்டவர். மேடையில் அவருக்குப் பெயர் இரும்புக்கழுத்து. பெயர் வைத்த நேரம் எப்படிப்பட்டதோ, கடைசிக் காலத்தில் கழுத்து இரும்பாகவே ஆகிவிட்டது. திரும்பவே திரும்பாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், சந்துக்குள் லாரியைத் திருப்புவது போல உடம்பு முழுவதையும் திருப்புவார். அப்பாக்கள் எல்லோரும் அப்படித்தான் திரும்புவார்கள் என்று அவருடைய மூன்று பிள்ளைகளும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்களின் அப்பாக்களைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

மூத்தவர் முழங்கால் போன பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு, குழுவை நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் பெரியவர். கடைக்குட்டி பறந்து பறந்து அடிப்பவன், பார்க்க லட்சணமானவன். அவன்தான் சூறாவளி. அவன் படம் இல்லாத சுவரொட்டியே கிடையாது. வீட்டில் அவன் வெறும் சின்னவன். நடுவில் பிறந்தவர் மெத்தை. விடலைப் பருவத்தில் அவர் விழுகிற அழகைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "ஜெயிக்கிறதுக்கு ஆள் கிடைப்பான். விழுறதுக்குத்தான் ஆள் கிடைக்கமாட்டான். நீ விழு." அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு அன்றைக்கு விழ ஆரம்பித்தவர்தான், பாவம்.

அப்பா சொத்தென்று விட்டுப்போனது ஒரு பிடி. அதற்குக் கிணறு என்று பெயர். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, இடுப்பைச் சுற்றி அணைத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, அவன் தலை தன் தொடைகளுக்கு நடுவே வரும்படி வைத்துக்கொண்டு, தொப்பென்று மண்டியிட்டு உட்கார வேண்டும். பார்க்கிறவர்களுக்கு, தலை பலகையில் இடித்துக் கழுத்துக்குள் போய்விட்டது போல இருக்கும். பெண்கள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். உண்மையில் இடிப்பது தூக்கியவனின் முழங்கால். தலைகீழாக இருப்பவனின் தலை பலகைக்கு ஓர் உள்ளங்கை அகலம் மேலேயே நின்றுவிடும். அந்த உள்ளங்கை அகலம் இருக்கிறவரைக்கும் அது வேடிக்கை. இல்லாவிட்டால் கொலை.

தலைகீழாகத் தொங்குகிறவன் பேசினால் அந்தக் கூச்சலில் கேட்காது. அதனால் அப்பா ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். தொங்குகிறவன் தூக்கியவனின் இடது மணிக்கட்டைப் பிடித்திருப்பான். ஒரு தடவை அழுத்தினால், தலை சரியான இடத்தில் இருக்கிறது, உட்காரலாம். இரண்டு தடவை அழுத்தினால், சரியில்லை, இறக்கிவிடு. அழுத்தமே வரவில்லை என்றால் வரும்வரை நிற்க வேண்டும், கூட்டம் கல்லெறிந்தாலும் சரி. இடது கைதான் என்று ஏன் வைத்தாரென்றால், அந்தப் பக்கம்தான் கூட்டத்தின் கண்ணுக்கு மறைவு. பிள்ளைகள் மூவரையும் வீட்டுக் கட்டிலில் ஒருவரை ஒருவர் தூக்கவைத்து, பல் தேய்க்கப் பழக்குவது போல இதைப் பழக்கினார். தூக்கத்தில் தலைகீழாகப் பிடித்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கை இடது மணிக்கட்டைத் தேடும்.

மெத்தையின் மனைவி தையல்காரி. குழுவின் உடுப்புகளுக்கு அளவெடுக்க வந்த இடத்தில்தான் அவரை முதலில் பார்த்தாள். அப்போது ஒரு தடியன் அவரைக் கயிற்றுக்கு வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். வலிக்கவில்லையா என்று கேட்டாள். வலியா, எனக்கா என்று மார்பை நிமிர்த்திச் சொன்னவர், அடுத்த நிமிஷம், சட்டையை மாட்ட முடியவில்லை, கொஞ்சம் கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். அந்த இடத்தில் விழுந்தவள்தான் அவளும். கல்யாணத்துக்குப் பிறகு மற்றவர்களுக்குத் தங்கச் சரிகை, வெள்ளிப் பட்டை என்று பார்த்துப் பார்த்துத் தைத்தாள். அவருக்கு மட்டும் எப்போதும் பழுப்பு நிறப் பருத்தி. தோற்கிறவன் கண்ணைப் பறிக்கக் கூடாது என்பது தொழில் வழக்கம்.

அவருக்கு ஆசையே இல்லையா என்றால், இருந்தது. ஒரு நாள் கடைக்குப் போனவள் பணப்பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் மெத்தை நின்றுகொண்டிருந்தார். ஜெயித்தவனின் கையை நடுவர் தூக்குவாரே, அது போல வலது கையால் இடது கையைத் தானே மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, லேசாகத் தலையை ஆட்டிக் கூட்டத்தின் கைதட்டலை ஏற்றுக்கொண்டிருந்தார். அவள் சத்தமில்லாமல் வெளியே போய், கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, செருப்பைத் தேய்த்துச் சத்தம் எழுப்பிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவர்மேல் அவளுக்கு வந்த இரக்கம் கடைசிவரை போகவில்லை.

கெட்ட காலம் அடுப்படியில்தான் முதலில் தலைகாட்டியது. ஒரு காலை, அவள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தை இடது கையால் எடுத்து, துணிகூடப் பிடிக்காமல் விளிம்பைப் பற்றிக்கொண்டு, நேற்றைய ஆட்டத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தோல் பொசுங்குகிற வாடை அவளுக்குத்தான் முதலில் எட்டியது. ஓடிப்போய்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். விரல் நுனிகள் நான்கும் கொப்பளித்திருந்தன. அவர் அவற்றை வேறு யாருடைய விரலோ என்பது போலப் பார்த்தார். காய்ப்புக் காய்த்த தோல், சூடு ஏறவில்லை என்றார். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மேடையைப் பூட்டும்போது திருப்புளி கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. சட்டைப் பொத்தானைப் போட இடது கை உதவவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார், பார்த்தால் கை கம்பிக்குப் பக்கத்தில் சும்மா நின்றிருக்கும். கடைசியில் யாருக்கும் சொல்லாமல் ஒரு மருத்துவரிடம் போனார். அவர் கழுத்துப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். விழுகிற வேலை என்று மெத்தை சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தில் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது, முதலில் உணர்ச்சி போகும், பிறகு பிடிமானம் போகும், இன்றோடு மேடையை மறந்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், சுளுக்குதான், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றார் மெத்தை. பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவரிடம் இல்லை, மாத்திரையும் இல்லை.

பெரியவரிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, குழு பயிற்சி செய்யும் கிடங்குக்குத்தான் அன்றைக்குப் போனார். டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கு அது, எந்நேரமும் ரப்பர் வாடை அடிக்கும். அங்கே வேறு செய்தி காத்திருந்தது. சின்னவனை வெளிநாட்டுப் பெரிய குழு ஒன்று எடுத்துக்கொண்டுவிட்டது. எல்லோரும் அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரைவிட்டுப் போகிறவன் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும். இத்தனை நாள் சேர்த்த பேரை, இங்கேயே இருக்கப்போகிற ஒருவன் கையில் கொடுத்துவிட்டுப் போவது போல. சூறாவளியை வீழ்த்தப்போவது யார் என்று பெரியவர் மனதில் ஓர் இளம் தடியனை வைத்திருந்தார். சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை. தோற்றால் நடு அண்ணனிடம்தான் தோற்பேன், அதுவும் அப்பாவின் கிணற்றில்தான் தோற்பேன், இல்லாவிட்டால் மேடையே ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெரியவர் மெத்தையை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்தார். சரி, ஆகட்டும் என்றார்.

மெத்தை சொல்ல வந்தது என்ன, கேட்டது என்ன! தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டார். அப்போது வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். திறக்கவில்லையே பாவி மனுஷன்.

ஒரே ஓர் ஆட்டம்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். யாரும் இல்லாத நேரத்தில் கிடங்குக்குப் போய், ஆள் கனத்துக்கு மணல் மூட்டையைத் தூக்கி அணைத்துப் பார்த்தார். நின்றது. மறுபடி தூக்கினார். நின்றது. தம்பியைக் கீழே போட்டுவிடுவோமோ என்பதுதான் அவர் பயம், அந்தப் பயம் இப்போது கொஞ்சம் தணிந்தது. ஆனால் மணல் மூட்டை மணிக்கட்டை அழுத்துமா? அதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. நினைக்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

மனைவி இந்தத் தடவை பழுப்புத் துணியைத் தொடவில்லை. கடையிலேயே மிகப் பளபளப்பான நீலத் துணியை வாங்கி வந்து, மார்பில் வெள்ளிப் பட்டை வைத்துத் தைத்தாள். தைக்கும்போதே கேட்டாள்.

"கைல என்னன்னு உண்மையைச் சொல்லுங்க."

"சுளுக்குன்னு சொன்னேனே."

"சுளுக்கு வந்த கைக்குச் சூடு தெரியாதா? நான் என்ன சின்னக் குழந்தையா?"

அவர் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு, இந்த ஓர் ஆட்டம் முடியட்டும், நானே அண்ணனிடம் சொல்லி நின்றுகொள்கிறேன், இத்தனை வருஷம் நான் ஏதாவது கேட்டிருக்கிறேனா என்றார். கேட்டதில்லைதான். கண்ணாடி முன்னால் அவர் நின்ற கோலம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தவள், செருப்பு மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து இயந்திரத்தின் முன் உட்கார்ந்துகொண்டாள். பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு பேருக்கும் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

சின்னவனோடு பயிற்சி நல்லபடியாகத்தான் போனது. கிணற்றுக்கு அவனைத் தூக்கி நிறுத்தியபோது மணிக்கட்டில் எங்கேயோ தூரத்தில் ஓர் அழுத்தம் வந்தது போல இருந்தது. வந்ததா, வந்தது போல இருந்ததா என்று மெத்தையால் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்தார். தலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்த சின்னவன் வழக்கம் போலக் கிண்டல் செய்யாமல் அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை எப்படிண்ணா இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குடா. ஏன்?"

ஒன்றுமில்லை என்றான். பிறகு படுதாவை மடிக்க வந்து கைகொடுத்தான். ஒரு நாளும் படுதா மடிக்காதவன் அவன். ஊரைவிட்டுப் போகப்போகிற ஏக்கம் என்று மெத்தை எடுத்துக்கொண்டார்.

ஆட்ட நாளும் வந்தது. மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழையும் பெய்யவில்லை, காற்றும் அடிக்கவில்லை. அரங்கத்துக்குள் புழுக்கம் ஆளைக் கொன்றது. மேடையைக் கட்டுவது இத்தனை வருஷமும் மெத்தையின் வேலை. லாரியை ஓட்டி வருவதும் அவர்தான், சட்டத்தை முடுக்குவதும் அவர்தான். இன்றைக்கு நீ ஜெயிக்கிறவன், நீயெல்லாம் திருப்புளியைத் தொடலாமா என்று மற்றவர்கள் கேலி செய்து அவரை விலக்கினார்கள். நல்லதாகப் போயிற்று. படுதாவின் ஓரத் துளைகளில் கயிற்றைக் கோக்க அவர் விரல்கள் அன்றைக்கு ஒத்துழைத்திருக்காது.

உடை மாற்றும் அறையில் வலி மருந்து வாடையும் வியர்வை வாடையும் கலந்து கிடந்தன. மெத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து இடது மணிக்கட்டில் ஒட்டுப்பட்டையைச் சுற்றினார். பிடி நழுவக் கூடாதே என்று இறுக்கிச் சுற்றினார். போதாது போலத் தோன்றியது, மேலும் சுற்றினார். உள்ளே மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச உணர்ச்சியையும் தன் கையாலேயே கட்டிப் பூட்டிவிட்டார். நடுவர் அப்பா காலத்து ஆள். எதற்கு இவ்வளவு தடிமனாக என்று கேட்டார். அழகுக்குத்தான் என்றார் மெத்தை. நீல உடுப்பில் அவரைப் பார்த்த நடுவர், மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று தாடையைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனார்.

ஆட்டம் பிரமாதமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சின்னவன் தன்னிடமிருந்த வித்தையெல்லாம் அண்ணனுக்காக இறக்கினான். மெத்தை அடி வாங்கினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி எழுந்தார். விழுந்தால் எழாத ஆள் எழுந்துகொண்டே இருக்கிறாரே என்று கூட்டத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றது, பிறகு யாரோ ஒருவர் பின்வரிசையிலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். மெத்தை! அப்புறம் பத்துப் பேர். அப்புறம் அரங்கமே. தன் பெயரை அத்தனை வாய்களிலிருந்து கேட்டபோது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் மனைவி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிணறு. சின்னவனைத் தலைகீழாகத் தூக்கி நிறுத்தினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடனே மறுபடி இரைந்தது. பழைய பருத்தி உடுப்பு வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், உடம்பு நழுவாது. இந்தப் பளபளப்பு வியர்வையோடு சேர்ந்து எண்ணெய் மாதிரி வழுக்கியது. அதை அவர் மனைவியிடம் கடைசிவரை சொல்லவில்லை. தம்பியின் உடம்பு அவர் மார்பிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியது. எவ்வளவு இறங்கியது என்று குனிந்து பார்க்க முடியாது. அவன் அழுத்த வேண்டும், இவர் உட்கார வேண்டும்.

அழுத்தம் வரவில்லை.

நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அப்பா அப்படித்தான் பழக்கியிருந்தார். நின்றார். மெத்தை, மெத்தை என்று அரங்கம் அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நின்றார். கை அணைத்திருக்கிறதா விட்டுவிட்டதா என்றே தெரியவில்லை, இனியும் நின்றால் தம்பியை நழுவ விட்டுவிடுவோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. அழுத்தியிருப்பான், இந்தக் கட்டுக்குமேல் தனக்குத்தான் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டார். உட்கார்ந்தார்.

முழங்கால் படுவதற்கு முன்பே வேறு எதுவோ பலகையில் இடித்தது. மேடைக்கு அடியில் சத்தத்தைப் பெரிதாக்க ஒலிவாங்கி வைத்திருப்பார்கள். அது அந்தச் சத்தத்தை அரங்கம் முழுக்கக் கொண்டுபோயிற்று. கூட்டம் எழுந்து நின்றது. மெத்தை தம்பியின் மார்பில் கையை வைத்தார், நடுவர் பலகையைத் தட்டி எண்ணி முடித்தார், மணி அடித்தது. நடுவர் அவர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றுகொண்டு கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் மெத்தை ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எல்லாவற்றையும் மறந்து சிரித்தார். பிறகு கீழே பார்த்தார். மயங்கிக் கிடப்பது போல நடிக்கிறவன் மூச்சு வாங்குவான், வயிறு ஏறி இறங்கும், யாருக்கும் தெரியாமல் கண்ணைச் சிமிட்டுவான். சின்னவன் கண் திறந்திருந்தது. சிமிட்டவில்லை. நடுவர் தூக்கிய கையைப் போட்டுவிட்டு, தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்டினார். இது ஆட்டமல்ல, ஆள் அனுப்புங்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டியது.

உயிர் தப்பியது. அதற்குமேல் மருத்துவர்கள் எந்த உறுதியும் சொல்லவில்லை. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை, இனி அசையுமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். மறுநாளே பேச்சு திரும்பிவிட்டது. பேச்சு வந்ததும் பெரியவரைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையதுதான், நான்தான் நழுவினேன், அண்ணனை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டான் சின்னவன்.

பெரியவர் வெளியே வந்து, தாழ்வாரத்துப் பெஞ்சில் கல்லாய்ச் சமைந்திருந்த மெத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது, அழாத ஆள் இல்லை. ஆனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பேசியது வேறு.

"அவனே சொல்லிட்டான், உன் மேல தப்பு இல்லன்னு. நீ வாயைத் திறக்காதே. சூறாவளியைச் சாய்ச்சவன் யாருன்னு ஊர் பூரா கேக்குறாங்க. அடுத்த சுவரொட்டியில நடுவுல உன் படம்தான். கிணத்தைப் பார்க்கத்தான் இனிமே கூட்டம் வரும்."

மெத்தைக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து தம்பி படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கழுத்தைச் சுற்றிப் பட்டை, நெற்றியில் பட்டை. சின்னவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தலையைத் திருப்ப வழியில்லாததால் மெத்தை குனிந்து அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனார்.

"டேய், உன் தப்பு இல்லடா. என் கை செத்துப்போய் மாசக்கணக்கா ஆச்சு. டாக்டர் மேடையே ஏறாதேன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. நீ அழுத்தினியா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது."

"ரெண்டு தடவை அழுத்தினேன்," என்றான் சின்னவன். "கையைப் பத்தித் தெரியும்ணா."

"என்ன தெரியும்?"

"கிடங்குல பயிற்சி பண்ணோமே, அன்னிக்கு வேணும்னே ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். நீ நிறுத்தல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

மெத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுக்கிட்டா என் கைல தலையைக் கொடுத்தே? ஏண்டா சொல்லல?"

"சொன்னா பெரியண்ணன் உன்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுருப்பாரு. நான் போறதுக்குள்ள ஒரு தடவையாவது நீ ஜெயிக்கணும்னு இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "ஏதாவது ஆச்சுன்னா மணிக்கட்டை விட்டுட்டு உன் தொடையில ஓங்கித் தட்டணும்னு சொல்லிக்கிட்டேதான் மேல போனேன். நழுவினதும் பயத்துல கை தன்னால மணிக்கட்டுக்குப் போயிடுச்சு. பழக்கம்ணா. அப்பா அடிச்சு அடிச்சுப் பழக்கினதாச்சே."

மெத்தை அழுதார். அவரைப் போல ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், வாயைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. கதவுக்கு வெளியே அவர் மனைவியும் பெரியவரும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருமே உள்ளே போகவில்லை. நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள்தானே என்று அவள் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

அழுது ஓயும்வரை சின்னவன் காத்திருந்தான். வேறெதுவும் செய்ய அவனால் முடியாது. பிறகு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஜனங்க கை தட்டினாங்களாண்ணா? எனக்கு அதுக்கப்புறம் எதுவும் கேக்கல."

"தட்டினாங்கடா," என்றார் மெத்தை. "எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க."

சின்னவன் சிரித்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மெத்தையால் முடியவில்லை. நிமிர்ந்தால் அவன் பார்வையிலிருந்து மறைந்துவிடுவோம் என்று, குனிந்தபடியே நின்றார்.